பிரேக் இறுகினால் பலத்தைக் கூட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்

(தோட்டக் கிளையின் இளைஞர், மாதர் ஒன்றுகூடலில், தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக வேலை செய்யும் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைவர் என்னைப் பேசச் சொன்னபோது, "எனக்குப் பேச வராது தலைவரே, ஸ்பானர் பிடிக்கத்தான் வரும்" என்றேன். "அதையே பேசுங்க" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தப் பழைய ஹொண்டா சீடி 125-ஐயும் கூடவே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். வாலிபப் பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். தாய்மார்களும் வாருங்கள். பின் சீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் நீங்கள்தான். வண்டி ஓட்டுகிறவன் விழுந்தால் நீங்களும்தான் விழுவீர்கள்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி புருசன் வந்து, "மச்சான், பின் பிரேக் கொஞ்சம் டைட்டா இருக்கு, பாத்துத் தாங்க" என்றார். அன்றைக்கு வீட்டில் விருந்தாளி. "அடுத்த கிழமை கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும், "பரவாயில்ல, அழுத்தி மிதிச்சா புடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை மழை. தங்கச்சியும் சின்னப் பிள்ளையும் பின்னால். கொழுந்து மடுவத்துக்கு மேலே இருக்கும் இறக்கத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. மச்சான் வழக்கம்போல முழுப் பலத்தோடு மிதித்தார். அதுவரை அசையாமல் இருந்த பெடல் ஒரேயடியாக உள்ளே போய், அங்கேயே சிக்கிக்கொண்டது. காலை எடுத்தும் மேலே வரவில்லை. பின் சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்று, வண்டி சறுக்கி விழுந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தங்கச்சிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

கொழுந்து பறிக்கிறவளுக்கு வலது மணிக்கட்டு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பத்துக் கிழமை பேர் விழவில்லை. அரைப்பேர்கூட இல்லை. அடகுக்கடைக்குப் போன தோடு திரும்பி வர ஒன்றரை வருடம் ஆனது. பிறகு நான் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். உடைந்த சாமான் ஒன்றுமில்லை. சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு தண்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. ஒரு நகக்கண் அளவு கிரீஸ் போட்டிருந்தால் போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை அரை நாளை நான் கொடுத்திருந்தால் போதும். இன்றைக்கு நான் பேச ஒத்துக்கொண்டதே அந்தக் கடனுக்காகத்தான்.

தோழர்களே, நம் தோட்டங்களில் ஓடுகிற சீடி 125, எம்டி 90, பஜாஜ் சீடி 100, பழைய ஹீரோ ஹொண்டா எல்லாவற்றிலும் பின் பிரேக் ஒரே மாதிரிதான். காலால் பெடலை மிதிக்கிறோம். பெடல் ஒரு கம்பியை இழுக்கிறது. கம்பி, சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கையை இழுக்கிறது. அந்தக் கை ஒரு தண்டைத் திருப்புகிறது. தண்டின் உள் நுனியை கேம் என்பார்கள், தட்டையாக இருக்கும். அது திரும்பும்போது இரண்டு பிரேக் சூவையும் விரித்து டிரம்மின் உள்சுவரோடு அழுத்துகிறது. காலை எடுத்ததும் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இழுத்து வரும். இவ்வளவுதான். எண்ணெயும் இல்லை, குழாயும் இல்லை. அதனால் கழற்றிப் பார்க்கப் பயப்பட வேண்டாம்.

பிரேக் இறுகினால் என்ன கெடுதி? மூன்று கெடுதி. ஒன்று, எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கு காலுக்குத் தெரியாமல் போய்விடும். மெதுவாகப் பிடிக்க நினைத்தால் பிடிக்காது, அழுத்தினால் சக்கரமே நின்றுவிடும். ஈரமான தார் வீதியில் இது போதும் ஆளைக் கொல்ல. இரண்டு, பெடல் முழுதாகத் திரும்பி வராவிட்டால் சூ டிரம்மில் உரசிக்கொண்டே இருக்கும். டிரம் சூடாகி விரியும், லைனிங் பிடிமானத்தை இழக்கும். அப்போது அவசரத்துக்கு மிதித்தால் பிடிக்காது. மூன்று, உரசிக்கொண்டே ஓடுகிற வண்டி பெற்றோலையும் தின்னும், லைனிங்கையும் தின்னும்.

நாம் இருக்கிறது சமதரை இல்லை. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக கம்பளைக்கு இறங்குகிறவன் ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரத்தை விட்டு இறங்குகிறான். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பேருந்தும் வானும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் இறந்ததை இன்னும் யாரும் மறக்கவில்லை. அந்த மாதிரி இறக்கத்தில்தான் நம் பிள்ளைகள் தினமும் போய் வருகிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பிரேக் இறுகினால் பலர் செய்கிற முதல் காரியம் எண்ணெய் ஊற்றுவது. பழைய என்ஜின் ஒயிலைப் போத்தலில் எடுத்து, சக்கரத்துப் பக்கத்துக் கையில் ஊற்றி, நாலு தரம் மிதிப்பார்கள். இளகிவிட்டது என்று சந்தோசப்படுவார்கள். அந்த ஒயில் தண்டு வழியாக உள்ளே இறங்கி லைனிங்கில் படும். பிறகு பெடல் நன்றாக ஆடும், வண்டிதான் நிற்காது. ஒயில் குடித்த லைனிங்கைக் கழுவியோ காய்ச்சியோ மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆகவே காரணம் தெரியாமல் ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊற்றாதீர்கள்.

காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பெடல் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம், நடுவில் கம்பி. கம்பியைக் கழற்றிவிட்டால் குற்றவாளி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இப்போது செய்து காட்டுகிறேன்.

வண்டியை டபல் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வையுங்கள். ஓடி வந்த உடனே செய்யாதீர்கள், டிரம்மும் சைலன்சரும் ஆறட்டும். கம்பியின் பின் நுனியில் இருக்கிற நட்டைப் பாருங்கள், அதற்குப் பின்னால் எத்தனை புரி தெரிகிறது என்று எண்ணி வையுங்கள். பிறகு நட்டைக் கழற்றி, கம்பியைக் கையிலிருந்து இழுத்து எடுங்கள். அதில் ஒரு ஸ்பிரிங்கும் உருளையான ஒரு சின்ன முளையும் இருக்கும். விழுந்து புல்லுக்குள் போய்விடும், ஒரு சிரட்டையில் போட்டு வையுங்கள்.

இப்போது பெடலைக் கையால் அழுத்துங்கள். இதோ, இந்த வண்டியில் லேசாகப் போய் டக்கென்று திரும்பி வருகிறது. பெடல் பக்கம் சுகம். இனி சக்கரத்துப் பக்கத்துக் கையைத் திருப்புங்கள். தம்பி, நீ வந்து திருப்பிப் பார். அசையவில்லை, இல்லையா? குற்றவாளி இங்கேதான் இருக்கிறான். நாம் இன்னும் சக்கரத்தைக் கழற்றவே இல்லை, அதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டது.

உங்கள் வண்டியில் பெடல் பக்கம் இறுகியிருந்தால் வேலை இன்னும் சுலபம். பெடல் ஆடுகிற அச்சு காலடியில் இருக்கிறது. நம் தோட்டப் பாதையின் சேறு முழுவதும் அங்கேதான் போய் அடையும். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்பிளிட் பின்னை எடுத்து, பெடலை உருவுங்கள். துருவை எமரி பேப்பரால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து, கிரீஸ் பூசிப் போடுங்கள். அத்தோடு, வண்டி எப்போதாவது வலது பக்கம் விழுந்திருந்தால் பெடல் வளைந்து என்ஜினிலோ சைலன்சரிலோ உரசுகிறதா என்று பாருங்கள். கம்பி வளைந்திருந்தாலும் இதே கோளாறுதான் வரும். பெடலைத் திருப்பி இழுக்கிற ஸ்பிரிங் துருப்பிடித்து நீண்டுபோயிருந்தால் புதிது போடுங்கள்.

சக்கரத்துப் பக்கம் இறுகியிருந்தால் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். பிரேக் பிளேட் சுழலாமல் பிடித்திருக்கிற தாங்கு கம்பியின் போல்ட்டை முதலில் எடுங்கள். பிறகு அக்சல் நட். அக்சலை உருவும்போது எந்த வளையம் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து, அதே வரிசையில் ஒரு சாக்கின் மேல் அடுக்கி வையுங்கள். இப்போது எல்லோரிடமும் போன் இருக்கிறது, ஒரு படம் பிடித்து வைப்பது இன்னும் நல்லது.

பிரேக் பிளேட்டை வெளியே எடுத்தால் உள்ளே கறுப்புத் தூசி இருக்கும். இந்த இடத்தில் எல்லோரும் நன்றாகக் கேளுங்கள். அந்தத் தூசியை வாயால் ஊதாதீர்கள். காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய காலத்து லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வந்து நிற்கும். தொழிற்சாலையில் தூசிக்கு முகமூடி கேட்டுப் பேசுகிற நாமே வீட்டு வாசலில் அதை ஊதி, பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது. ஈரத் துணியால் துடையுங்கள், துணியைப் பையில் கட்டி எறியுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்தது சூவைக் கழற்றுவது. எது மேலே, எது கீழே என்று அடையாளம் போடுங்கள். பிறகு, கை தண்டோடு சேருகிற இடத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள். திரும்ப மாட்டும்போது அதே பல்லில்தான் மாட்ட வேண்டும். கையை இறுக்கியிருக்கிற போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுதாக வெளியே எடுக்க வேண்டும். பல வண்டிகளில் அந்தப் போல்ட் தண்டில் இருக்கிற ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். எடுக்காமல் சுத்தியலால் அடித்தால் தண்டுதான் கெடும்.

தண்டு வராவிட்டால் மண்ணெண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். இப்போது சூ வெளியே இருப்பதால் பயமில்லை. ஒரு மரத்துண்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். வெளியே வந்ததும் பாருங்கள், இதோ, செங்கல் நிறத்தில் துரு. மச்சானுடைய வண்டியிலும் இதேதான் இருந்தது. தண்டையும் அது போகிற துளையையும் எமரி பேப்பரால் தேய்த்து, கழுவி, காயவிடுங்கள். கைவிரலால் திருப்பினாலே சுழல வேண்டும், அதுதான் அளவு. சூடு தாங்குகிற கிரீஸைத் தண்டில் மெல்லியதாகப் பூசுங்கள். கேம் சூவைத் தொடுகிற இடத்திலும், சூவின் மற்ற நுனி உட்காருகிற முளையிலும் ஒரு துளி போதும். மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். கிரீஸ் லைனிங்கிலோ டிரம்மிலோ படவே கூடாது.

சக்கரம் கையில் இருக்கும்போதே மற்றதையும் பார்த்துவிடுங்கள். லைனிங் 2 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டதா? மாற்றுங்கள். டிரம்மின் உட்புறத்தில் விரலை ஓட்டுங்கள், ஆழமான கோடு விழுந்திருந்தால் அந்த டிரம் புதிய சூவையும் சீக்கிரம் தின்றுவிடும். தேயக்கூடிய எல்லை அளவு பல டிரம்களில் அச்சிட்டே இருக்கும். 110 மில்லிமீற்றர் டிரம் என்றால் 111 வரைதான்.

பழைய வண்டிக்காரர்கள் செய்கிற ஒரு கள்ள வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். லைனிங் தேய்ந்து நட்டை இறுக்க இடமில்லாமல் போனால், கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். புது லைனிங் வாங்கும் காசு மிச்சம் என்று நினைப்பு. அப்போது கேம் அளவுக்கு மேல் திரும்பி நிமிர்ந்து நிற்கும். அந்த நிலையில் அது சூக்களுக்கு நடுவே சிக்கினால் ஸ்பிரிங்கால் திருப்ப முடியாது. பெடல் உள்ளே போனது போனதுதான். பெரும்பாலான வண்டிகளில் கையின் பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் பிளேட்டில் ஒரு அடையாளமும் இருக்கும். முழுதாக மிதிக்கும்போது அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டுவிட்டால் லைனிங் முடிந்துவிட்டது என்று கம்பனிக்காரனே எழுதி வைத்த கடிதம் அது. அதைப் படியுங்கள், அழிக்காதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது மூன்று விடயம். அக்சல் நட்டை முழுதாக இறுக்குவதற்கு முன் கம்பியை மாட்டி, ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது சூ இரண்டும் டிரம்முக்கு நடுவே சரியாக உட்காரும். அப்படியே பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். இரண்டாவது, தாங்கு கம்பியின் போல்ட்டும் அதன் ஸ்பிளிட் பின்னும். அதை மறந்தால் பிரேக் பிடிக்கும்போது பிளேட்டே சுழன்று கம்பியை முறித்துவிடும். பழைய பின்னை நிமிர்த்திப் போடாமல் புதிது போடுங்கள். மூன்றாவது, பெடலின் தளர்வு. பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் 20 முதல் 30 மில்லிமீற்றர், அதாவது ஒரு பெருவிரல் அகலத்துக்குச் சும்மா இறங்க வேண்டும். நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும். பிரேக் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். செயின் இறுக்கும்போதெல்லாம் சக்கரம் பின்னால் போகும், பிரேக்கும் இறுகும். ஆகவே செயினைத் தொட்டால் பிரேக்கையும் சரிபாருங்கள்.

பூட்டிய உடனே டவுனுக்குக் கிளம்பாதீர்கள். விளையாட்டு மைதானத்தில் தனியாக, மெதுவாக நாலு சுற்று. பிறகு சின்ன இறக்கம். அதற்குப் பிறகுதான் மனைவி, பிள்ளை.

கடைசியாக ஒரு பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022-இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோமே, கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று ஆரம்பித்தார்களே, அப்போது பலர் இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் உருட்டப் பழகினார்கள். வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அப்படி இறங்கினால் வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக்கே சுமக்கிறது. நீண்ட இறக்கத்தில் டிரம் கொதித்துவிடும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில் பாரம் முன் சக்கரத்துக்குப் போகும். அதனால் பின் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டையும் சேர்த்து, நேராகப் போகும்போதே பிடியுங்கள்.

தோழர்களே, "நம்ம பாதை குண்டும் குழியுமா கிடக்கு, அதைப் பேசாம பிரேக்கைப் பத்திப் பேசுறீங்களே" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பாதைக்கான கோரிக்கையைச் சங்கம் விடாது, விடவும் கூடாது. ஆனால் பாதை வருகிறவரைக்கும் நாம் அந்தப் பாதையில்தான் இறங்க வேண்டும். பாதை நம் கையில் இல்லை. இந்த நட் நம் கையில் இருக்கிறது.

ஆகவே ஒரு யோசனை. கிளைக்கென்று ஒரு ஸ்பானர் செட், ஒரு குறடு, ஒரு சுத்தியல், ஒரு டின் கிரீஸ், கொஞ்சம் எமரி பேப்பர், ஒரு பொட்டலம் ஸ்பிளிட் பின் வாங்கி வாசிகசாலையில் வைப்போம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் பிரட்டுக்களத்தில் நான் இருப்பேன். வண்டியைக் கொண்டு வாருங்கள். நான் செய்து தர மாட்டேன், பக்கத்தில் நின்று சொல்லித் தருவேன், நீங்களே செய்வீர்கள். பெண் பிள்ளைகளும் வரலாம், வர வேண்டும். என் தங்கச்சிதான் இப்போது அவர்கள் வீட்டு வண்டியின் பிரேக்கைப் பார்க்கிறாள். மாதத்துக்கு ஒரு தரம் கம்பியைக் கழற்றி, கையைத் திருப்பிப் பார்க்கிறாள். முறிந்து கூடிய அதே கையால்.

தாய்மார்களே, பின் சீட்டில் ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிரேக் லேசா இருக்கா?" அவர், "அழுத்தி மிதிச்சா புடிக்கும்" என்று சொன்னால் ஏறாதீர்கள். அந்த ஒரு நாள் நடந்தே போங்கள். வண்டியை என்னிடம் அனுப்புங்கள். அடுத்த கிழமை என்று நான் இனி யாருக்கும் சொல்ல மாட்டேன்.